அப்ப பாப்பம்

என் மாமியிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருவது இந்த இரண்டு சொல்தான்.

"மாமி, வலி வந்தா ஆர் என்னோட ஆஸ்பத்திரிக்கு வாறது?"

"அப்ப பாப்பம் பிள்ளை."

"பிள்ளையின்ர துணியெல்லாம் ஆர் தோய்க்கிறது மாமி?"

"முதல்ல பிறக்கட்டும். அப்ப பாப்பம்."

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். நேரசூசி இல்லாமல் ஒரு நாளைக் கடத்தத் தெரியாதவள். வீடு திருகோணமலை அன்புவழிபுரத்தில், பள்ளிக்கூடம் மூதூர்ப் பக்கம், கணவருக்கு வேலை கொழும்பில். அவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். வலி கண்ட பிறகு அறிவித்தால், அவர் பஸ் ஏறி வந்து சேர ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். இந்தக் கணக்கு தெரிந்ததால்தான் ஒரு கொப்பி வாங்கி எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினேன். பிள்ளை பிறந்து இரண்டு மாதம் கழித்து அந்தக் கொப்பியைப் புரட்டியபோது ஒன்று பிடிபட்டது. யாருக்கு எந்த வேலை என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லி வைத்ததெல்லாம் ஒப்பேறியிருந்தது. "அப்ப பாப்பம்" என்று விட்டதெல்லாம் என் தலையில் வந்து விழுந்திருந்தது. மாமி விட்டதை மட்டும் சொல்லவில்லை. நானாகவே அப்படி விட்டவையும் கனக்க.

பிள்ளை தங்கியது தை மாதக் கடைசியில் தெரியவந்தது. அடுத்த நாளே எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸுக்கு போன் எடுத்தேன். எட்டு வாரத்துக்குள் பதிந்துகொள்வது நல்லது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தார். அப்போதே ஃபோலிக் அசிட் குளிசையும் தந்திருந்தார். அதைச் சும்மா தருகிறார்கள் என்று நினைத்தவள் நான். பிள்ளையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாவது முதல் சில வாரங்களில், அதாவது நமக்கே வயிற்றில் பிள்ளை இருப்பது தெரியவர முன்னம். பிள்ளைக்கு யோசிக்கிற ஆட்கள் ஆகக் குறைந்தது மூன்று மாதம் முன்பே அதைத் தொடங்கினால்தான் முழுப்பலன்.

இரத்தம், சலம், இரத்த அழுத்தம், நிறை எல்லாம் கிளினிக்கில் பார்ப்பார்கள். அதில் நாம் செய்வதற்கு அதிகமில்லை, போனால் போதும். நான் பிழைவிட்டது இரும்புக் குளிசையில். ஒழுங்காகப் போட்டேன், ஒருநாளும் தவறவிடவில்லை. ஆனாலும் ஏழாம் மாத இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8. கர்ப்பிணிக்கு 11 இற்குக் கீழே போனால் இரத்தச்சோகை. மிஸ் என்னை ஏசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"குளிசை போட்டுட்டு என்ன குடிக்கிறனீங்க?"

"தேத்தண்ணி மிஸ்."

பிடித்துவிட்டார். தேயிலையில் உள்ள சத்து இரும்பை உடம்பு எடுக்கவிடாது. பாலும் அப்படி. கல்சியம் குளிசையும் அப்படி. நான் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, நேரம் மிச்சம் என்று சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு கல்சியம் பகலில், இரும்பு இரவில் விற்றமின் சி குளிசையோடு. தேத்தண்ணி சாப்பாட்டோடு இல்லை, ஒரு மணித்தியாலம் தள்ளி. முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய்ப் புளி விடுவது வெறும் ருசிக்கு என்று நினைத்திருந்தேன், அதிலும் கணக்கு இருக்கிறது. அடுத்த பரிசோதனையில் 11 தாண்டிவிட்டது.

மீன் விசயத்தில் அம்மாவோடு சின்னச் சண்டை. அம்மா நிலாவெளிக்காரி. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் சுறாதான் மருந்து என்று வளர்ந்தவர். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது பிள்ளையின் மூளைக்குக் கூடாது என்று கிளினிக்கில் சொன்னதை நான் ஒப்புவிக்க, "அப்ப நீ எப்படிப் பிறந்தனி?" என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு மீனுக்கா பஞ்சம்? சூடை, கீரி, நெத்தலி என்று சின்ன மீனாக வாங்கச் சொன்னேன். விலையும் குறைவு. முள்ளோடு தின்னலாம், கல்சியமும் சேரும். அம்மா ஒருவழியாக ஒத்துக்கொண்டார். சுறா வறையைப் பிள்ளை பிறந்த பிறகு பார்ப்பம் என்றார், அதாவது அம்மாவின் பங்குக்கு ஓர் "அப்ப பாப்பம்".

ஆனி, ஆடியில் கச்சான் காற்று. எங்கள் பக்கத்தை அறிந்தவர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அடுப்பு வாயைத் திறந்து முகத்தில் பிடித்தது போல் இருக்கும், புழுதியும் சேர்ந்து வரும். அந்தக் காற்றில் பஸ்ஸில் மூதூர் போய் வருவது பெரும்பாடு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன்னம் எப்படிப் போனார்கள் என்று நினைத்துப் பார்த்தாலே களைப்பு வரும். "நாங்கள் வயித்தோட பாதை ஏறி இறங்கினனாங்கள்" என்று மாமி சொல்லுவார். பாதை என்றால் அந்தக் காலத்து மிதவை. இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுபோவேன், ஒன்று போக, ஒன்று வர. தண்ணீர் குடித்தால் சலம் வரும், பள்ளிக்கூடத்து மலசலகூடம் தூரம், ஆகவே குடிக்காமல் இருப்போம் என்று ஒரு கிழமை கெட்டித்தனம் பார்த்தேன். சலக்கடுப்பு வந்து கிளினிக்கில் மருந்து எடுத்ததுதான் மிச்சம். கர்ப்பகாலத்தில் அதைக் கவனியாமல் விட்டால் மாதம் நிறைய முன்னமே வலி வரவும் கூடுமாம். அதிபரிடம் கேட்டு, வகுப்பை மலசலகூடத்துக்குக் கிட்டவாக உள்ள கட்டடத்துக்கு மாற்றினேன். கேட்டவுடன் மாற்றித் தந்தார். முதல் மாதமே கேட்டிருக்கலாம்.

இனி உடுப்புப் பை. கிளினிக்கில் சொன்ன பட்டியலை ஏழாம் மாதமே கொப்பியில் எழுதிவிட்டேன். மாமி அதைக் கண்டார்.

"பிறக்க முதல் பிள்ளைக்கு ஒண்டும் வாங்கப்படாது."

அம்மாவும் அந்தப் பக்கம். இரண்டு சம்பந்திகளும் ஒத்துப்போன முதல் விசயம் இதுதான். நான் வாக்குவாதப்படவில்லை. அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தார்: வாங்கினால்தானே தோசம், வீட்டில் கிடக்கிற பழசுக்கு என்ன தோசம்? அப்பாவின் பழைய வேட்டி நாலு, அம்மாவின் வெளிறிய பருத்திச் சேலை இரண்டு. கிழித்து, கொதிதண்ணியில் அவித்து, கச்சான் வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு மடித்தால் நாற்பது துண்டு வந்தது. எந்தக் கடையில் வாங்கினாலும் அந்த மெதுமை வராது. எனக்கு இரண்டு முன்பக்கம் திறக்கிற சட்டை, பெரிய பாட் இரண்டு பைக்கற், படுக்கை விரிப்பு, சவர்க்காரம், சுடுதண்ணிப் போத்தல், கோப்பை, கரண்டி. பிள்ளைக்குத் தொப்பி மட்டும் இல்லாமல் இருந்தது. அதை நான் கள்ளமாக வாங்கிப் பையின் அடியில் ஒளித்துவைத்தேன்.

பையைவிடக் கடதாசிகள் முக்கியம். கிளினிக் கார்ட், ஸ்கேன் முடிவுகள், இரத்தக்குழு எழுதிய தாள், அடையாள அட்டை. இதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கைப்பையிலேயே இருந்தது, பள்ளிக்கூடம் போனாலும் கூடவரும். பஸ்ஸில் மயங்கி விழுந்தாலும், தூக்குகிறவருக்கு என் இரத்தக்குழு தெரியவேணும்.

முப்பத்திரண்டாம் வாரம் அளவில் ஒரு நாள் பிள்ளையின் துடிப்புக் குறைவாக இருந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததிலிருந்து எண்ணத் தொடங்கி, பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் பத்துத் துடிப்பு வரவேணும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த கணக்கு. மற்ற நாட்களில் பத்தரை, பதினொரு மணிக்கே பத்தும் முடிந்துவிடும். அன்று பின்னேரம் நாலு மணிக்கும் நாலுதான். இடப்பக்கம் சரிந்து படுத்தும் பார்த்தேன்.

"பிள்ளை நித்திரை கொள்ளுது. விடியப் பாப்பம்" என்றார் மாமி.

அன்று மட்டும் நான் மாமிக்குக் கீழ்ப்படியவில்லை. வழக்கத்தைவிட இவ்வளவு குறைந்திருக்க, கணக்கு முடியும் வரை காத்திருக்கவும் மனம் வரவில்லை. ஓட்டோ பிடித்துப் போனேன். இருதயத் துடிப்பைப் பதிகிற மெசினை வயிற்றில் கட்டி அரைமணித்தியாலம் பார்த்தார்கள், ஓரிரவு வைத்திருந்தார்கள், எல்லாம் சரி என்று காலையில் விட்டார்கள். சும்மா வந்துவிட்டேனோ என்று வெட்கமாக இருந்தது. வார்ட்டில் இருந்த நேர்ஸ் ஒருவர், "சும்மா வந்து சும்மா போறதுதான் எங்களுக்கும் விருப்பம்" என்றார். துடிப்புக் குறைந்தால், இரத்தம் கண்டால், நீர் உடைந்தால், தலையிடியோடு கண் மங்கினால், முகமும் கையும் திடீரென்று வீங்கினால் விடியும் வரை இருக்கக்கூடாது. காய்ச்சலும் அப்படித்தான். எங்கள் பகுதிக்கு டெங்கு புதிதில்லை, 2017 இல் கிண்ணியாப் பக்கம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். வயிற்றில் பிள்ளையோடு காய்ச்சல் என்றால் மூன்றாம் நாள் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் முதல் நாளே ஆஸ்பத்திரி. நோவுக்கும் காய்ச்சலுக்கும் பரசிற்றமோலைத் தவிர வேறு குளிசையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதும் இல்லை.

ஓட்டோவுக்கு இரண்டு பேரைச் சொல்லி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணை ஒருவர், அடுத்த ஒழுங்கைத் தம்பி ஒருவர். இரவு எத்தனை மணி என்றாலும் போன் எடுப்பேன் என்று முன்கூட்டியே சொன்னேன், இருவரின் இலக்கத்தையும் மாமியின் போனில் முதலாவதும் இரண்டாவதுமாகப் போட்டுக் கொடுத்தேன். புரட்டாதி கடைசியில் ஒரு நாள், சாமம் இரண்டு மணிக்கு நீர் உடைந்தது. அண்ணை வவுனியாவுக்கு ஹயர் போய்விட்டார். தம்பி சாறத்தோடு வந்து ஏற்றினார். வெறிச்சோடிக் கிடந்த தெருவில், கோட்டைப் பக்கத்து மான்கள் நாலைந்து நின்று எங்களைப் பார்த்தன. அதைப் பார்த்து நான் சிரித்தது நினைவிருக்கிறது. அதன் பிறகு கனநேரம் சிரிக்கவில்லை.

பிரசவத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. பதினான்கு மணித்தியாலம் போயும் வாசல் திறந்தது போதவில்லை, பிள்ளையின் இருதயத் துடிப்பும் இறங்கியது, ஒப்பரேசனுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். பேனையைப் பிடித்துக்கொண்டு நான் யோசித்தது ஒன்றே ஒன்று: இதைப் பற்றி என் கொப்பியில் ஒரு வரியும் இல்லையே. சுகப்பிரசவம் என்று எல்லோரும் வாழ்த்தினார்கள், நானும் அதையே நம்பினேன். சிசேரியன் பக்கத்தை நானாகத்தான் "அப்ப பாப்பம்" என்று விட்டிருந்தேன். மகள் 2.9 கிலோ. சுகம்.

விட்டதன் விலை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் பாயில் படுக்கிறதுதான் வழக்கம். வயிற்றில் தையலோடு நிலத்தில் இருந்து எழும்பிப் பாருங்கள்! முதல் இரவு எழும்பத் தெரியாமல் அழுதேன். விடிய, தம்பி அயல் வீட்டில் ஒரு கட்டில் இரவல் வாங்கிவந்து போட்டார். பக்கவாட்டில் சரிந்து, காலை முதலில் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்ப வேணும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அமத்திப் பிடிக்க வேணும். இதெல்லாம் அதன் பிறகு படித்தது. எங்கள் மலசலகூடம் முற்றம் தாண்டி, மூன்று படி ஏறி. அந்தப் படிக்கு ஒரு கைபிடித் தடி கட்ட ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்காது, ஏழாம் மாதமே கட்டியிருக்கலாம். எப்படிப் பிறந்தாலும் உயரமான படுக்கை ஒன்றும், பிடித்து நடக்க ஒரு பிடியும் தேவைப்படும். சுகப்பிரசவம் என்றாலும் தையல் இருக்கும்.

துணி தோய்க்கிற கதை அடுத்தது. நாற்பது துண்டு போதும் என்று நினைத்தேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது துண்டு நனையும், ஒன்றும் காயாது. மாமிக்கு முழங்கால் வருத்தம், கிணற்றடியில் குந்த ஏலாது. அம்மா சமையல். கணவர் வந்திருந்த பத்து நாளும் அவர்தான் தோய்த்தார். முதல் நாள் மாமி, "ஆம்பிளைப் பிள்ளை துணி தோய்க்கிறதோ" என்று முணுமுணுத்தார். மூன்றாம் நாள் எந்தச் சவர்க்காரம் நல்லது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். மாரியில் பிள்ளை பிறக்கப் போகிறது என்றால் கூரைக்குக் கீழே கொடிக்கயிறு முதலிலேயே கட்டி வையுங்கள், துண்டும் இரண்டு மடங்காக எடுங்கள். இரவுக்குப் பம்பஸ் கட்டுவது பாவமில்லை.

ஆகப் பெரிய கஷ்டம் பால். ஆஸ்பத்திரியில் முதலில் சுரக்கிற கடும்புப்பாலைக் கொடுத்தேன், நேர்ஸ் பிடித்துக் காட்டினார், சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த இரண்டாம் இரவு மார்பு கல்லாக இறுகிவிட்டது. பிள்ளை பிடிக்கிறாள், வழுக்கி விடுகிறாள், கத்துகிறாள். முலைக்காம்பு வெடித்து இரத்தம். மாமி, "பால் காணாது, பால்மா கரைப்பம்" என்றார். அம்மா, "தேன் தொட்டு வை" என்றார். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணியும் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை இருவருக்கும் நான் முதலிலேயே சொல்லி வைக்கவில்லை. சாமம் மூன்று மணிக்கு, கத்துகிற பிள்ளையை வைத்துக்கொண்டு, இரண்டு தாய்மாருக்கு வகுப்பு எடுக்க முடியாது. கத்தினேன். மூன்று பேரும் அழுதோம், பிள்ளையோடு நாலு.

காலையில் மிட்வைஃப் மிஸ் வந்தார். வீடு திரும்பிய முதல் நாட்களில் அவர்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். இளஞ்சூட்டுத் துணியால் ஒற்றி, கையால் கொஞ்சம் பாலை எடுத்து மார்பை இளக வைத்தார். பிள்ளையின் வாய் அகலத் திறக்கும் வரை பொறுத்து, காம்பை மட்டும் இல்லாமல் கறுப்பு வட்டமும் வாய்க்குள் போகும்படி பிடித்துக் காட்டினார். பத்து நிமிசம். அவ்வளவுதான். பிறகு இரண்டு தாய்மாரையும் கூப்பிட்டு இருத்தி, ஐந்தாறு நாள் போனதும் நாளுக்கு ஆறு தடவையாவது பிள்ளை சலம் போனால் பால் காணும் என்று அர்த்தம் என்று அவர்தான் சொன்னார். நான் சொன்னால் புத்தகம், மிஸ் சொன்னால் வேதம். எட்டாம் மாதமே அவரைக் கூப்பிட்டு, மாமியையும் அம்மாவையும் முன்னால் இருத்திச் சொல்ல வைத்திருந்தால் அந்த இரவு வந்திருக்காது.

அதே இருப்பில் தண்ணிக் கதையும் தீர்ந்தது. பிள்ளை பெற்றவள் தண்ணி குடித்தால் வயிறு ஊதும் என்று மாமி ஒரு தம்ளர்தான் அளந்து தருவார். பால் கொடுக்கிறவள் தாகத்துக்குக் குடிக்க வேணும் என்று மிஸ் சொல்ல, மாமி ஒரு போத்தல் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயச்சரக்கு மட்டும் யாரும் கை வைக்க முடியாத இடம். உள்ளியும் மிளகும் வேர்க்கொம்பும் அரைத்து வைத்த அந்தக் கறி எனக்குப் பிடித்தும் போனது, இப்போதும் கேட்டு வாங்கித் தின்கிறேன்.

ஒரு இரவு பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டிக்கொண்டே மாமி சொன்ன கதை இது. நாங்கள் விழித்திருந்து பார்க்கும்போது மட்டும்தான் ஏணை. நித்திரைக்கு, மட்டமான படுக்கையில் நிமிர்த்திப் போடுவதுதான். மாமி சம்பூர்க்காரி. 2006 இல் என் மச்சாளுக்கு ஏழாம் மாதம். முதற்பேரப்பிள்ளை என்று மாமா வேப்பம்பலகையில் தொட்டில் செய்திருந்தார், மாமி பத்துச் சட்டை தைத்து வைத்திருந்தார். செல்லடி தொடங்க, உடுத்த உடுப்போடு மட்டக்களப்புப் பக்கம் ஓடினார்கள். பிள்ளை இடம்பெயர்ந்த இடத்தில் பிறந்தது, சுற்றுவதற்கு மாமியின் சேலைத் தலைப்பைக் கிழித்தார்கள். பிறகு கிளிவெட்டி முகாமில் வருசக்கணக்கு. திரும்பிப் போனபோது வீடும் இல்லை, தொட்டிலும் இல்லை.

"அதுக்குப் பிறகு நான் ஒண்டுக்கும் முன்கூட்டி ஆயத்தப்படுத்திறேல்ல பிள்ளை" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலே பார்த்தேன். ஏணை கட்டியிருந்த கொழுக்கி புதிது, துருப்பிடிக்காத இரும்பு. ஆவணி மாதமே, மீன் சருவச்சட்டி தூக்க என்று சொல்லி மகனைக் கொண்டு அடிப்பித்தது. ஒரு நாளும் அதில் மீன் சருவச்சட்டி தொங்கியதில்லை.

அழுகையைப் பற்றி ஒரு சொல். முதல் பத்து நாள் காரணமில்லாமல் எனக்குக் கண்ணீர் வரும். அது கனபேருக்கு வரும், தானாகப் போய்விடும் என்று மிஸ் சொன்னார். இரண்டு கிழமை தாண்டியும் போகாவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே மனமில்லாமல் போனால், வெட்கப்படாமல் தனக்குப் போன் எடுக்கச் சொல்லி இலக்கத்தைக் கணவரிடமும் கொடுத்தார். எனக்குத் தேவைப்படவில்லை. கொடுத்து வைத்தது நல்லது.

லீவு விசயம் அரச ஊழியர்களுக்குத் தெரிந்ததுதான்: முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள். வேலைநாள் என்பதால் சனி, ஞாயிறு, போயா கணக்கில் வராது. கலண்டரை வைத்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள், நினைத்ததைவிட நீளும்.

மிஞ்சியது பெயர். அம்மா நட்சத்திர எழுத்துக்காகச் சாத்திரியாரிடம் போய் வந்தார், 'வ' என்று வந்தது. அதற்குள் நாலு பெயர், நாலு கட்சி. துடக்குக் கழிவுக்குப் பிறகு பாப்பம் என்றார்கள், முப்பத்தொன்றும் முடிந்தது. பிறந்து 42 நாளுக்குள் பதிய வேணும், தாண்டினால் அலைச்சல். நாற்பதாம் நாள், மழைக்குள் ஓட்டோவில், பெயரைப் போகிற வழியில்தான் முடிவெடுத்தோம். ஆஸ்பத்திரியில் தந்த தாள், எங்கள் விவாகப் பதிவு, இருவரின் அடையாள அட்டை எல்லாம் உறையில் ஒழுங்காக இருந்தன. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பதிவாளர் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"பேர் சரி. இங்கிலீசில வீ போடுறதோ, டபிள்யூ போடுறதோ?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.